படி இல்லாத காடு: அக்காவுடன் சிங்கப்பூரில்

வெள்ளி, இரவு

சிங்கப்பூருக்குக் காடு பார்க்கப் போகிறோம் என்று சொன்னதும் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "அங்க என்ன காடு இருக்கு? பூராம் கட்டடம்லா?" இருக்கிறது. புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புக் காடு, சுங்கை பூலோ, லாப்ரடார் என்று சட்டப் பாதுகாப்பு உள்ள இயற்கைக் காப்பகங்கள் நான்கு. அவற்றைச் சுற்றியும் நடுநடுவேயும் எத்தனையோ பூங்காக்கள். ஆனால் காட்டின் பெருமைக்காக நாங்கள் இங்கே வரவில்லை. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச நேரம் காரில் போனால் களக்காடு முண்டந்துறை. 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அதற்கு முன்னால் இந்த ஊர்க் காடுகள் சின்னவை. அந்தப் பெரிய காட்டின் வாசல் வரைக்கும்தான் அக்காவால் போக முடிந்திருக்கிறது. இங்கே உள்ளேயே போகலாம் என்று படித்தோம். அதனால் வந்தோம்.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். தபால் ஆபீஸில் வேலை. மோட்டார் வைத்த நாற்காலி கிடையாது, தன் கையால் தள்ளுகிற சாதாரண வீல்சேர்தான். கேட்காமல் யாரும் பின்னால் கை வைக்கக் கூடாது. தம்பியான எனக்கும் அதே சட்டம்தான்.

விமான நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா வரைக்கும் ரயில். லிஃப்டில் இறங்கி, பிளாட்பாரத்திலிருந்து நேராகப் பெட்டிக்குள் உருண்டு போனாள். ரயிலுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் முன் சக்கரம் மாட்டவில்லை. சாயங்காலம் சாப்பிடப் போகும்போது வேண்டுமென்றே பஸ்ஸில் ஏறிப் பார்த்தோம். டிரைவர் எழுந்து வந்து, கதவருகே தரையோடு மடித்து வைத்திருந்த சாய்தளப் பலகையை விரித்தார். அக்கா ஏறினாள். பலகையை மடித்துவிட்டு, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சீட்டுக்குப் போனார். வண்டியில் யாரும் முணுமுணுக்கவில்லை, யாரும் "அடடா" என்று இரக்கப்படவும் இல்லை. 2020 முடிவிலிருந்தே இங்கே எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் வீல்சேர் ஏறலாம். சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் 2024இல் ஓட ஆரம்பித்தபோது அந்தச் செய்தியை அக்கா எனக்கு உடனே அனுப்பினாள். அவள் பஸ்ஸில் ஏறி நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

நாளைக்குத் தாவரவியல் பூங்கா.

சனி

லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் ஏறி, ஸ்டீவன்ஸில் வண்டி மாறி, நேப்பியரில் இறங்கினோம். அங்கிருந்து பூங்கா பக்கம்தான். 1859இல் தொடங்கிய பூங்கா. 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட், மற்ற இடமெல்லாம் இலவசம்.

நாங்கள் நேராகப் போனது, 2017இல் புதிதாகச் சேர்த்த 'கற்றல் காடு' என்ற பகுதிக்கு. கீழே சதுப்பு, தண்ணீர், பனை வகைகள். அதற்கு நடுவே மரப்பலகைப் பாதைகள். பாதை போகப்போக உயர்ந்து 'ராட்சத மரங்களின் நடை' என்ற பகுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 260 மீட்டர் நீளம். தரையிலிருந்து 8 மீட்டர் உயரம் வரை போகிறது. ஒரு படிகூட இல்லை. தென்கிழக்கு ஆசியாவின் மிக உயரமான மர வகைகளை இங்கே நட்டு வளர்க்கிறார்கள். இப்போது பல மரங்கள் இளசு. இவை முழு உயரத்துக்கு வளரும்போது நாம் யாரும் இருக்கப் போவதில்லை, இருந்தாலும் நட்டிருக்கிறார்கள். அந்த எண்ணமே எனக்குப் பிடித்திருந்தது. துவாலாங் என்று ஒரு மர வகை, 80 மீட்டருக்கு மேலேயும் வளரக்கூடியது. அதன் வழுவழுப்பான உயர்ந்த தண்டில் கரடி ஏற முடியாது என்பதால் மலைத்தேனீக்கள் அதன் கிளைகளில்தான் அடை கட்டும். இதை நான் வாசித்துச் சொன்னபோது அக்கா, "காணிக்காரங்க தேன் எடுக்கிறதும் இப்படி ஒசரத்துலதானே" என்றாள். அகத்தியமலைக் காணி மக்களைப் பற்றி அவள் படித்தது நிறைய.

எட்டு மீட்டர் உயரம் ஒன்றும் பெரிய உயரம் இல்லைதான். ஆனால் மரத்தை எப்போதும் அடியிலிருந்து, அதுவும் உட்கார்ந்த உயரத்திலிருந்தே பார்த்த ஒருவருக்கு அதன் நடுப்பகுதி கண்ணுக்கு நேரே வருவது வேறு அனுபவம். கிளை பிரியும் இடத்தில் ஒட்டி வளர்ந்திருந்த பெரணியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வேருக்குள் எறும்பு போய் வந்துகொண்டிருந்தது. "இந்த உசரத்துல மண்ணே இல்லையே, பிறகு இது எதைத் தின்னுது?" உதிர்ந்த இலையைத் தானே பிடித்து வைத்து மக்கவிட்டு, அதைத்தான் உணவாக எடுத்துக்கொள்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

ஒரு குறையும் உண்டு, அதை அக்கா உடனே கண்டுபிடித்தாள். வீல்சேரில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.1 முதல் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். பெரியவர்கள் விழாமலிருக்க வைக்கும் மேல் கம்பியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். நிற்கிறவர் கம்பிக்கு மேலே பார்க்கிறார். உட்கார்ந்திருப்பவருக்குக் கம்பியே காட்சிக்குக் குறுக்கே வந்துவிடுகிறது. குனிந்து கம்பிகளுக்கு நடுவே பார்க்க வேண்டியிருக்கிறது. இது இந்த இடத்துக் குறை மட்டும் இல்லை, உலகத்தில் எந்தப் பாலத்துக்குப் போனாலும் இதேதான் என்கிறாள். சில இடங்களிலாவது வலுவான கம்பிவலை வைத்து மேல் கம்பியை மெலிதாக்கினால் போதும், பாதுகாப்பும் போகாது.

மத்தியானம் ரப்பர் மரங்களைத் தேடிப் போனோம். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் நாற்றுகள் இந்தப் பூங்காவுக்குத்தான் வந்தன. 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி என்ற இயக்குநர், மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சாய்வாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் உருவாக்கினார். பார்த்த தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பர் நடுங்கள், நடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் அவருக்குக் கிறுக்கு ரிட்லி என்று பெயர் வைத்தார்களாம். அந்தக் கிறுக்கு பலித்தது. மலாயா முழுக்க ரப்பர் தோட்டம் ஆனது. அந்தத் தோட்டங்களில் பால் மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்க, நம் ஊர்களிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் கொண்டுபோனார்கள். எங்கள் ஆச்சியின் அண்ணன் ஒருவர் அப்படிப் போனவர். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. தபால்காரியான அக்கா அந்தக் கடிதக் கட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நிழலில் உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிறு

காலையிலிருந்து மழை. மரப்பலகை நனைந்தால் நடக்கிறவருக்கே வழுக்கும். சக்கரத்தைப் பிடித்துத் தள்ளும் கையும் ஈரத்தில் வழுக்கும். வெளியே போகவில்லை. தேக்காவில் பரோட்டா, டீ, கொஞ்சம் தூக்கம்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுக்குப் போக முடியுமா என்று நேற்று ராத்திரியே தேடினேன். அங்கே 250 மீட்டர் நீளத்துக்கு மரவுச்சித் தொங்குபாலம் ஒன்று இருக்கிறது, அதிக உயரம் 25 மீட்டர். படம் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது. ஆனால் அதை அடையக் காட்டுப் பாதையில் நெடுந்தூரம் நடக்க வேண்டும், வழியில் படிகளும் உண்டு. அக்காவால் முடியாது. "நீ போயிட்டு வா, நான் ரூம்ல இருக்கேன்" என்றாள். நான் போகவில்லை. தியாகம் என்று எதுவும் இல்லை. இந்தப் பயணத்தில் அவள் போக முடிகிற இடத்தைத்தான் எனக்கும் பார்க்க வேண்டும்.

எல்லாக் காட்டையும் சாய்தளம் ஆக்க வேண்டும் என்று அக்காவே சொல்ல மாட்டாள். செங்குத்தான மலையில் படியே இல்லாத பாதை போட வேண்டுமென்றால் அந்த மலையைத்தான் வெட்ட வேண்டும். எங்கே முடியும், எங்கே முடியாது என்று முன்கூட்டியே நேர்மையாக எழுதி வைத்திருந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும். "வந்து பாருங்க, ஏதாவது செய்யலாம்" என்று சொல்லும் இடங்கள்தான் ஆபத்தானவை.

திங்கள்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

சிங்கப்பூரின் தெற்குக் கரையோரம் சின்னச் சின்னக் குன்றுகள். ஃபேபர் மலை, தெலுக் பிளாங்கா குன்று, கென்ட் ரிட்ஜ் என்று வரிசையாக. இவற்றை இணைத்து ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்கு ஒரு பாதை, 'சதர்ன் ரிட்ஜஸ்'. அதன் நடுவே 'ஃபாரஸ்ட் வாக்' என்று 1.3 கிலோமீட்டர் உயர்நடைபாதை இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து இந்தப் பயணத்தைத் திட்டமிட்டது இந்த ஒரு பாதையை வைத்துத்தான்.

ஹார்ட்பார்க் என்ற தோட்டத்தில் டாக்ஸியை விட்டு இறங்கினோம். அலெக்சாண்ட்ரா சாலைக்கு மேலே இலை வளைந்த வடிவில் ஒரு பாலம், 80 மீட்டர். அதைக் கடந்தால் அப்படியே காட்டுக்குள் பாதை தொடங்குகிறது. இரும்புத் தூண்களின் மேல் நிற்கும் பாதை இது. இடத்துக்கு இடம் தரையிலிருந்து 3 மீட்டர் முதல் 18 மீட்டர் வரை உயரம். தளம் முழுக்க இரும்புச் சல்லடைத் தட்டு. கீழே விழும் வெயிலையும் மழையையும் தடுக்காமல் விடுவதற்காக இப்படி. பாதைக்கு அடியிலும் செடிகள் பச்சையாகவே இருக்கின்றன. சல்லடையின் கண்கள் சின்னவை என்பதால் வீல்சேரின் முன் சக்கரம் சிக்கவில்லை. உருளும்போது ஒரு 'கிர்ர்' சத்தம் மட்டும் கூடவே வந்தது.

நாங்கள் போனது ஏற்றத் திசையில். இறக்கத் திசையில் போகலாமே என்று நான் சொன்னதற்கு, "ஏறுனாத்தாம்ல தெரியும், நெசமாவே ஏற முடியுதான்னு" என்றாள். பாதை குன்றின் மேல் நேராக ஏறாமல் இப்படியும் அப்படியும் மடங்கி மடங்கிப் போகிறது. நடக்கிறவர்கள் சிலர் இதைப் பார்த்து, நேராகப் போட்டிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாமே என்று சலித்துக்கொள்வார்கள். ஆனால் சாய்வு மெதுவாக இருக்க வேண்டுமென்றால் நீளத்தைக் கூட்டியே ஆக வேண்டும். இங்கேயும் நம் நாட்டிலும் சாய்தளத்துக்கு விதி 1க்கு 12. அதாவது ஒரு அடி உயர 12 அடி நீளம். அது ஒரு கட்டட வாசலுக்குச் சரி. தன் கையால் தள்ளிக்கொண்டு ஒரு குன்றே ஏறுகிறவருக்கு 1க்கு 12 ரொம்பச் செங்குத்து, தோள்பட்டை கழன்றுவிடும். 1க்கு 20 போல மெதுவாக இருந்தால் மூச்சு வாங்காமல் போகலாம். நடுநடுவே சமதளம் வேண்டும், நின்று கையை உதறிக்கொள்ள. மடிப்புகளைப் பார்த்ததும், "இதைப் போட்டவனுக்குக் கை வலி தெரிஞ்சிருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து வரும் பாராட்டில் இதற்கு மேல் கிடையாது.

இது பழைய ஆதிக்காடு கிடையாது. ஒரு காலத்தில் வெட்டப்பட்டு, பிறகு தானாக முளைத்து வந்த இரண்டாம் தலைமுறைக் காடு. மண் சத்து குறைந்த இடத்தில் வரக்கூடிய மரங்கள்தான் அதிகம். பெரிய மஞ்சள் பூவும் அகலமான இலையும் உள்ள ஒரு புதர் வழியெல்லாம் இருந்தது. அதன் பெயர் கேட்க வேண்டியிருக்கவில்லை. எதிரே நடந்து வந்த ஒரு பெரியவர், நாங்கள் பேசுவதைக் கேட்டு நின்றார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். "சிம்போ ஆயர்மா இது. அந்தக் காலத்துல தெம்பே, ரோஜாக் எல்லாம் இந்த எலையிலதான் கட்டிக் குடுப்பாங்க" என்றார். நம் ஊரில் மந்தாரை இலை, தேக்கு இலை மாதிரி என்று அக்கா சொல்ல, இருவரும் எந்த இலையில் எதைக் கட்டுவார்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஓரமாக நின்றேன். அவர் அக்காவிடமே பேசினார், என்னிடம் "இவங்களுக்கு என்ன?" என்று கேட்கவில்லை. இதை எழுதக் காரணம் உண்டு. ஊரில் கடைக்காரர், டாக்டர், கோயில் குருக்கள் என்று பலரும் அக்கா பக்கத்தில் இருக்கும்போதே அவளைப் பற்றி என்னிடம்தான் கேட்பார்கள்.

உயர்பாதைக்குக் கீழே ஒரு மண் பாதையும் ஓடுகிறது, கால் நடையாகப் போகிறவர்களுக்கு. ஒரு இடத்தில் அக்கா என்னைக் கீழே இறங்கச் சொன்னாள். "நீ அதுல வா. நான் மேல வரேன். எவ்வளவு நேரந்தான் கூடவே நடப்ப?" இறங்கினேன். கீழே ஈர மண் வாசனையும் கொசுவும். கொஞ்சம் தள்ளிப் பாதை மேலே குறுக்கே போகும் இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன். சல்லடைக்கு மேலே சக்கரம் தெரிந்தது, அக்காவின் சேலை நிறம் தெரிந்தது. "ஏலே! உன் தலைக்கு மேல அணில் போகுது பாரு!" வாழைக்காட்டு அணில் என்று இங்கே சொல்லும் செம்பழுப்பு வயிற்று அணில், கிளையிலிருந்து கிளைக்கு. எனக்கு இலைகள் மறைத்தன. அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. மேலே திரும்ப ஏறி வந்தபோது எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன், எழுது என்றாள். ஊரில் எங்கே வெளியே கிளம்புவதாக இருந்தாலும் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். போகும் இடத்தில் வீல்சேர் நுழையும் கழிப்பறை இருக்காது என்பதால். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். இதனால் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனதும் உண்டு. சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்கள் பலரும் இதைச் செய்கிறார்கள், யாரும் வெளியே சொல்வதில்லை. இன்று தெலுக் பிளாங்கா குன்றின் மேல் அவள் பாட்டிலைத் திறந்து கடகடவென்று முழுவதையும் குடித்ததைப் பார்த்தேன். கிளம்பும்போது ஹார்ட்பார்க்கில் அகலக் கதவும் கைப்பிடியும் உள்ள கழிப்பறையைப் பார்த்துவிட்டாள். இனி கவலை இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியாக ஹெண்டர்சன் அலைகள் என்ற பாலம். 2008இல் திறந்தது. 274 மீட்டர் நீளம், கீழே ஓடும் சாலையிலிருந்து 36 மீட்டர் உயரம். நடைபாலங்களில் இந்த ஊரிலேயே உயரமானது. மரத்தளம், அலை அலையாக எழுந்து இறங்கும் பக்கச் சுவர், அலையின் உள்வளைவில் உட்காரும் இடங்கள். அந்த வளைவுகளுக்குள் வீல்சேர் ஏறாது, ஆனால் நடுத்தளம் நல்ல அகலம். சாயங்கால வெளிச்சத்தில் ஒரு பக்கம் கடலும் கப்பல்களும், மறுபக்கம் அடுக்குமாடிகளும் தெரிந்தன. அழகுதான். ஆனால் படத்தில் எல்லாரும் காட்டுவது இந்தப் பாலத்தை, எங்களுக்கு மனசில் நின்றது காட்டுப் பாதை.

இங்கிருந்து ஃபேபர் மலை வழியாக ஹார்பர்ஃபிரன்ட் ஸ்டேஷனுக்கு இறங்கும் 'மராங்' பாதையில் நிறையப் படிகள். வீல்சேரில் வருகிறவர்கள் மேலேயே டாக்ஸி பிடித்து இறங்க வேண்டும். போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்

அக்காவின் உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடக்கின்றன. கையுறை போட்டும் அப்படித்தான். இன்று ஓய்வு எடுக்கலாம் என்றேன். "பறவை வந்திருக்குமே, அது காத்திருக்குமா?" சரி என்று கிளம்பினோம்.

சுங்கை பூலோ வடமேற்கு மூலையில், மலேசியக் கரையைப் பார்த்தபடி இருக்கும் அலையாத்திக் காடு. பழைய இறால் பண்ணைகள் இருந்த இடம். 1986இல் பறவை பார்க்கிறவர்கள் சிலர் கண்டு அரசிடம் சொல்ல, 1989இல் பூங்காவாக ஒதுக்கினார்கள். 1993இல் மக்களுக்குத் திறந்தார்கள். 2002இல் காப்பகமாகச் சட்டம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியா பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகும் பறவைகள் இங்கே இறங்கி இளைப்பாறும்.

அக்காவுக்குப் பறவைப் பைத்தியம் கூந்தன்குளத்தில் ஆரம்பித்தது. நாங்குநேரிக்குப் பக்கத்து ஊர். ஊருக்குள்ளேயே, வீட்டு வேப்ப மரத்திலேயே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். பறவை பயப்படும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டார்கள். காரில் உட்கார்ந்தபடியே அத்தனையும் பார்க்கலாம் என்பதால் வருஷா வருஷம் போவோம். அங்கே வரும் பட்டைத்தலை வாத்து, பறவைகள் வலசை போகும் பாதைகளில் ஒன்றான மத்திய ஆசிய வான்வழியில் வருவது. இங்கே வருவது கிழக்காசிய ஆஸ்திரேலிய வான்வழி. ஆனால் சில முகங்கள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பறவைகளுக்குத் தெரியாமல் நின்று பார்க்க வைத்திருந்த மறைவுத் தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்த அக்கா, "பவளக்காலி!" என்று என் கையைப் பிடித்தாள். சேற்றில் சிவந்த கால்களோடு குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தன. தள்ளி, கீழ்நோக்கி வளைந்த நீள மூக்கோடு கோட்டான் என்று சொல்லும் கரைப்பறவை ஒன்று, ஆந்தை இல்லை. அந்த இடுக்கு உட்கார்ந்தவர் கண்ணுக்கும் எட்டும் உயரத்தில் இருந்தது. நான்தான் குனிந்து பார்த்தேன்.

அலையாத்திக்குள் போகும் மரப்பாதை சமமானது. தண்ணீர் வற்றியிருந்த நேரம். மீன் ஒன்று சேற்றில் துடுப்பை ஊன்றித் தாவித் தாவிப் போனது. தண்ணீருக்கு வெளியேயும் தாக்குப்பிடிக்கும் மீன், ஈரம் இருந்தால் போதும். சுரபுன்னையின் முட்டு வேர்கள் இரண்டு பக்கமும். பிச்சாவரத்தில் அக்காவைப் படகில் ஏற்ற முடியாமல் கரையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிய காடும் இதே வகைதான். அந்த வேருக்கு நடுவே இன்று அவளே போனாள். வழியில் நீர் உடும்பு ஒன்று, ஆள் நீளம், பாதையின் குறுக்கே படுத்திருந்தது. யாரும் விரட்டவில்லை, நாங்களும் காத்திருந்தோம். உப்புநீர் முதலை பார்க்கக் கிடைக்கவில்லை. இருக்கிறது என்று எச்சரிக்கைப் பலகை மட்டும் பார்த்தோம்.

புதன்

இன்றைய நாள் நினைத்தபடி போகவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வடகிழக்கே புலாவ் உபின் என்று ஒரு தீவு. அதன் கிழக்கு முனையில் செக் ஜாவா. கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்தில் போக இருந்த இடம். மக்கள் போய்ப் பார்த்து, எழுதி, கேட்டு, 2001 டிசம்பரில் அரசு அந்தத் திட்டத்தைத் தள்ளி வைத்தது. பிறகு 2007இல் கடலுக்கு மேலேயும் அலையாத்திக்குள்ளேயும் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான பலகைப் பாதை போட்டார்கள். சமமான பாதை, உருளலாம். படங்களில் அதைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டோம்.

ஆனால் தீவுக்குப் போகச் சாங்கி முனையில் சின்ன மரப்படகு ஏற வேண்டும். 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும் படகு. படித்துறையிலிருந்து படகுக்குள் காலை எடுத்து வைத்து இறங்க வேண்டும், படகு ஆடிக்கொண்டே இருக்கும். அங்கிருந்தவர்கள் நல்லவர்கள். நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி வைத்துவிடுகிறோம் என்றார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். வேண்டாம் என்றாள்.

எனக்குக் காரணம் தெரியும். சின்ன வயதில் பாபநாசத்துக்கு, அகஸ்தியர் அருவிக்குப் போகும்போது அப்பா முதுகில் சுமந்துகொண்டு படி ஏறுவார். அப்பாவுக்கு வயதானதும் மாமாக்கள். பிறகு யார் யாரோ. பதினாலு வயதில் ஒரு நாள், யாரோ தெரியாத ஆள் மூட்டை மாதிரித் தூக்கியபோது சட்டை விலகி, சுற்றி நின்றவர்கள் பார்க்க, அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு அருவிக்குப் போகும்போதெல்லாம் செக்போஸ்ட் பக்கம் வேனிலேயே இருந்துகொள்வாள். நாங்கள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு திரும்பி வருவோம். எங்களுக்காகச் சாப்பாட்டைப் பிரித்து வைத்திருப்பாள். அத்தனை வருஷமும் அது எங்களுக்குச் சாதாரணமாகத் தெரிந்தது.

"தூக்கிட்டுப் போற காடு எனக்கு வேண்டாம்லே" என்றாள். சரி என்றேன்.

அங்கேயே கரையோரமாகப் பலகைப் பாதை ஒன்று இருக்கிறது, சாங்கி கடற்கரை நடை. அதில் உருள முடிந்த தூரம் போனோம். எதிரே தண்ணீருக்கு அப்பால் உபின் தெரிந்தது. திரும்பும் வழியில் பக்கத்து மரத்தில் கறுப்பு வெள்ளை இருவாச்சி இரண்டு. இந்த நாட்டிலிருந்தே மறைந்துபோன பறவை, 1994இல் உபின் தீவில் திரும்பவும் தென்பட்டு, மெல்லப் பெருகி இப்போது நகரத்துக்குள்ளேயும் வருகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருவாச்சி பார்க்க ஆள்கள் மைல் கணக்கில் ஏறுகிறார்கள். அக்கா டீக்கடைப் பக்கத்தில் பார்த்தாள்.

வியாழன், விமான நிலையம்

2022 நவம்பரில் சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தபோது அக்கா அடுத்த விடுமுறைக்கே ரயிலேறிப் போய்விட்டாள். நடுவில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தி, சரிசெய்த பிறகுதான் போக முடிந்தது. கடல் தண்ணீரை அன்றைக்குத்தான் கையால் தொட்டாள். அதனால் நம் ஊரில் நடக்காது என்று யாரும் சொன்னால் அவள் ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது கேட் பக்கத்தில் உட்கார்ந்து வனத்துறைக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அகஸ்தியர் அருவி வரைக்கும் கேட்கவில்லை. ஆற்றோரமாக, மரம் வெட்டாமல், ஏற்கெனவே சமமாக இருக்கும் இடத்தில் 300 மீட்டர் பாதை. சாய்வு 1க்கு 20. இரண்டு வீல்சேர் எதிரெதிரே வந்தால் விலகிப் போக 1.8 மீட்டர் அகலம். உட்கார்ந்தவர் கண்ணை மறைக்காத கம்பி. நுழைவாயிலில் எது முடியும் எது முடியாது என்று தமிழில் பலகை. இவ்வளவும் எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினாள்.

"கழிப்பறையை ஏன்லே கடைசியில போட்ட? அதை மொத வரியில எழுது."

மாற்றி எழுதிவிட்டேன். போர்டிங் ஆரம்பித்துவிட்டார்கள்.